பொங்கல் தோரணம் வரப்பில் விளையட்டும்

மூன்று வருசத்துக்கு முன்பு நடந்தது. பொங்கலுக்கு முந்தைய நாள் வெல்லம் வாங்க ஆரணி கடைவீதிக்குப் போன நான், கூடவே ஒரு பிளாஸ்டிக் தோரணமும் வாங்கி வந்தேன். பச்சை மாவிலை, நடுநடுவே ஆரஞ்சுப் பூ. எட்ட நின்று பார்த்தால் அசல் மாதிரியே இருந்தது. "மரம் ஏறிப் பறிக்க வேண்டியதில்ல, வருசா வருசம் இதையே கட்டிக்கலாம்" என்று வீட்டில் பெருமையாகச் சொன்னேன். எங்கள் கிணற்று மேட்டில் இரண்டு மாமரம் நிற்கிறது. அம்மா ஒன்றும் பேசவில்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தத் தோரணம் வெயிலில் ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. நிறம் வெளுத்து, இலை இலையாக உதிர ஆரம்பித்தது. பையன் அதை அறுத்து எருக்குழியில் போட்டுவிட்டான். பங்குனியில் எங்கள் செவலைப் பசு அசைபோடுவதை நிறுத்தியது. வயிறு உப்பிக்கொண்டது. கால்நடை மருத்துவர் வந்து வயிற்றைத் திறந்து, தலையணை அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் உருண்டையை வெளியே எடுத்தார். பால் பாக்கெட், கடைப் பை, சாக்குக் கயிறு, அதற்கு நடுவில் எங்கள் தோரணத்தின் பச்சை இலைகள். பசு பிழைத்துக்கொண்டது. அந்த ஈத்துப் பால் போனது போனதுதான்.

"உரம் போடறத நிறுத்திப் பத்து வருசம் ஆச்சுன்னு கூட்டத்துல பேசுற. வாசல்ல என்ன கட்டின?" என்று அன்றைக்குத்தான் அம்மா கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி இரண்டு பொங்கல் செய்து பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். பண்டிகைக்கு வாசலில் கட்டுவதும், அடுப்பில் ஏற்றுவதும் நம் நிலத்தில் இருந்தே வர முடியும். அப்படி வந்தால் காசு மிச்சம் என்பதோடு முடிவதில்லை. நாம் காப்பாற்ற நினைக்கிற பயிர்களும் செடிகளும் நிலத்தில் நிற்பதற்கு அதுவே காரணமாகிவிடும்.

வரப்புக்கு வேலை இருந்த காலம்

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு நினைவு வரும். ஒன்று பட்டு, மற்றொன்று அரிசி. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு இங்கே தெருத் தெருவாகத் தறிகளில் நெய்யப்படுகிறது. ஆரணியிலும் களம்பூரிலும் உள்ள ஆலைகளில் அரைபடும் அரிசி சென்னை வரைக்கும் மூட்டை மூட்டையாகப் போகிறது. சுற்றியுள்ள கிராமங்களில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று நெல் போடுகிறோம். மானாவாரியில் மல்லாட்டை போடுகிறோம். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கப் பெயர் அதுதான். மேற்கே சவ்வாது மலையில் சாமையும் தேனும் புளியும் கிடைக்கின்றன.

இத்தனை இருந்தும் என்ன நடக்கிறது? நெல்லை விற்றுவிட்டு, பட்டை தீட்டிய வெள்ளை அரிசியை வாங்கிச் சாப்பிடுகிறோம். மல்லாட்டையை விற்றுவிட்டு பாக்கெட் எண்ணெய் வாங்குகிறோம். மாமரத்தை வைத்துக்கொண்டு பிளாஸ்டிக் மாவிலை வாங்குகிறோம். நான் வாங்கினேனே!

இதில் கடைசியாகச் சொன்னது சின்ன விசயம் என்று தோன்றலாம். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொங்கலுக்கு வீட்டு முகப்பிலும் மாட்டுத் தொழுவத்திலும் செருகுவதற்குப் பூளைப்பூ வேண்டும். கொங்குப் பக்கமும் சேலம், தருமபுரிப் பக்கமும் இதைக் 'காப்புக் கட்டு' என்றே சொல்வார்கள். பூளைப்பூ, ஆவாரம்பூ, வேப்பிலை, மாவிலை எல்லாம் சேர்த்துக் கட்டிய கொத்து அது. இந்தச் செடிகள் வரப்பில் நிற்கக் காரணம், வருசத்துக்கு ஒரு நாளாவது அவற்றைத் தேடி ஒருவர் வருவார் என்பதுதான். தேடுகிற ஆள் நின்றுபோனால் அவை வெறும் களை. களைக்கொல்லி அடிப்பதற்கு நம் கை கூசாது.

ஆவாரைக்கு ஏற்கெனவே ஒருமுறை இப்படி நடந்திருக்கிறது. பழைய வடஆற்காட்டில் தோல் பதனிட ஆவாரம்பட்டைதான் பயன்பட்டது. பிறகு தென்னாப்பிரிக்காவில் இருந்து வாட்டில் மரப்பட்டை வந்தது, அப்புறம் ரசாயனம் வந்தது. ஆவாரைக்கு இருந்த சந்தை போயிற்று. மேய்ச்சல் நிலத்திலும் மேட்டு நிலத்திலும் அதை விட்டுவைக்க இருந்த ஒரு பெரிய காரணமும் அதோடு போயிற்று.

பூளையும் ஆவாரையும் நிற்கிற வரப்பில் மழை இல்லாத மாதத்திலும் ஏதாவது பூ இருக்கும். பூ இருந்தால் தேனீ வரும், பயிரைத் தின்னும் புழுக்களின் மேல் முட்டை வைக்கும் ஒட்டுண்ணிக் குளவி வரும். நாம் காசு கொடுத்து வாங்க முடியாத வேலைக்காரர்கள் இவர்கள். தோரணம் என்ற சாக்கில் இவர்களுக்கும் இடம் கொடுக்கிறோம்.

இன்னொன்றும் ஆரணிக்காரர்கள் நினைவில் வைக்க வேண்டும். பட்டுப்புழு நஞ்சைத் தாங்காத உயிர். பக்கத்து வயலில் அடித்த பூச்சிக்கொல்லி காற்றில் வந்து மல்பெரி இலையில் படிந்தால் போதும், ஒரு கொட்டகைப் புழுவும் செத்துப்போகும். நஞ்சில்லாத இலை இல்லாமல் பட்டு இல்லை. பட்டு ஊரைச் சுற்றிய வரப்பில் நஞ்சு தெளிப்பதைவிடப் பொருந்தாத வேலை வேறென்ன?

வாசலுக்கு ஆறு அணிகள்

இனி கைவேலை. பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு செய்யுங்கள். எதற்கும் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாது.

1. காப்புக் கொத்து. பூளைப்பூ ஒரு கைப்பிடி, ஆவாரம்பூங்கொத்து இரண்டு, வேப்பிலைக் கொழுந்து ஒன்று, மாவிலை மூன்று. அடித்தண்டுகளைச் சமமாக்கி வாழைநாரில் கட்டுங்கள். போகி மாலையில் வீட்டு நிலை, தொழுவம், கிணறு, வயல் மூலை என்று ஒவ்வோர் இடத்திலும் ஒன்று. பூளையை வேரோடு பிடுங்காமல் கத்தரியுங்கள். மூன்றில் ஒரு பங்குச் செடியைத் தொடவே வேண்டாம். விதை விழுந்தால்தான் அடுத்த பொங்கலுக்குக் கிடைக்கும். காய்ந்த பூளையைத் தூக்கி எறிய வேண்டாம். சிறுபீளை என்று சித்த மருத்துவர்கள் நீர்க்கடுப்புக்கும் கல்லடைப்புக்கும் கொடுப்பது இதைத்தான்.

2. மாவிலை, செண்டுமல்லித் தோரணம். முற்றிய மாவிலையாக எடுங்கள். கொழுந்து சீக்கிரம் துவண்டுவிடும். காம்பை மடித்து வாழைநாரில் கோத்து, இரண்டு இலைக்கு நடுவே ஒரு செண்டுமல்லி. செண்டுமல்லியைத் தக்காளிக்கு நடுவே ஊடுபயிராக வையுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி தக்காளியை விட்டு செண்டுமல்லியை நாடி முட்டை வைக்கும். வேர் மண்ணில் நூற்புழுவைக் குறைக்கும். பயிருக்குக் காவல் நின்ற செடியே வாசலுக்கும் பூக் கொடுக்கும்.

3. குருத்தோலைத் தோரணமும் கிளியும். இதில் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தென்னை மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மட்டைதான் விடும். ஒவ்வொரு மட்டையின் இடுக்கிலும் ஒரு பாளை. குருத்தை வெட்டினால் பின்னால் வரும் ஒரு குலையும் பாதிக்கும். வெட்டிய வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டும் தேடி வரும். ஆகவே காய்க்கிற மரத்தில் கைவைக்க வேண்டாம். எப்படியும் வெட்டப்போகிற மரம் இருந்தால் அதில் எடுங்கள். இல்லாவிட்டால் பச்சை ஓலையிலேயே பின்னுங்கள், நன்றாகத்தான் வரும். தவிர்க்க முடியாமல் குருத்து எடுத்தால், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு கலந்து உச்சி மட்டைகளின் இடுக்கில் போடுங்கள்.

4. நெற்கதிர்க் குஞ்சம். சம்பா அறுப்புக்கு முன் இரண்டு கைப்பிடிக் கதிரைத் தாளோடு நீளமாக அறுத்து நிழலில் தொங்கவிடுங்கள். அரைகுறையாகக் காய்ந்ததும் தாள்களை மூன்று புரியாகப் பின்னி, கதிர்கள் கீழே தொங்குமாறு வளையமாகக் கட்டுங்கள். திண்ணை முகப்பில் மாட்டினால் குருவிகள் வரும். இந்த வேலைக்குக் குட்டை ரகம் உதவாது. பின்னுவதற்குத் தாள் நீளம் போதாது. தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, மாப்பிள்ளைச் சம்பா போன்ற நெட்டை ரகங்கள்தான் வேண்டும். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர், குஞ்சம் கட்டுவதற்கென்றே கால் காணியில் மாப்பிள்ளைச் சம்பா போட்டார். இப்போது அதில் இருந்து நாலு பேருக்கு விதை நெல் கொடுத்திருக்கிறார்.

5. சாணி உருண்டையும் பரங்கிப்பூவும். மார்கழி முழுக்கக் கோலத்து நடுவில் வைப்பது. அந்தச் சாணியை வறட்டியாகத் தட்டிக் காயவைத்துப் பொங்கல் அடுப்புக்கு எடுப்பது பழைய வழக்கம். பரங்கிக் கொடியில் ஆண் பூ நிறைய இருக்கும். காம்பு நீளமாக, அடியில் ஒன்றும் இல்லாமல் இருப்பது ஆண் பூ. அடியில் குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. ஆண் பூவை மட்டும் பறியுங்கள். அதிலும் கொடிக்கு நாலைந்தை விட்டுவையுங்கள், தேனீ மகரந்தம் எடுக்க வேண்டுமே. கோலத்துக்குப் பச்சரிசி மாவு போடுங்கள். கல் மாவு போட்டால் எறும்புக்கு ஒன்றும் கிடைக்காது.

6. பட்டுக்கூட்டுப் பூ. இது பட்டு ஊருக்கே உரியது. அந்துப்பூச்சி ஓட்டை போட்டு வெளியேறிய கூட்டில் இழை அறுந்திருக்கும், நூல் எடுக்க முடியாது. ஒரு கூட்டில் ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இழை இருந்தும் அதை ஒரே இழையாக உருவ முடியாமல் போகிறது. மல்பெரி வைத்துப் புழு வளர்ப்பவர்களிடம் இதைக் கேட்டு வாங்குங்கள். கத்தரிக்கோலால் இதழ் இதழாக வெட்டி, மஞ்சள் கொதித்த நீரில் முக்கினால் பட்டு நிறத்தை நன்றாகப் பிடிக்கும். நிழலில் காயவைத்து, தறியில் மிஞ்சும் பட்டு நூல் துண்டில் கோத்தால் மாலை. பல வருசம் தாங்கும். பழசானால் மண்ணில் மட்கிவிடும். சரிகை கலந்த நூலை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அது மட்காது.

மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்துக்கு நெட்டி மாலை தெரியும்தானே? கும்பகோணம் பக்கம் நரசிங்கன்பேட்டையில் குடும்பம் குடும்பமாக இதைச் செய்கிறார்கள். ஏரி, குளத்துத் தண்ணீரில் வளரும் நெட்டிச் செடியின் தண்டைச் சீவிச் சாயம் ஏற்றிக் கோப்பது. குளம் இருந்தால்தான் நெட்டி, நெட்டி இருந்தால்தான் அந்தத் தொழில். கொம்புக்கு எனாமல் பெயின்ட் வேண்டாம். காவியும் சுண்ணாம்பும் போதும்.

அடுப்புக்கு நாலு சமையல்

இயற்கை வேளாண்மைக் கூட்டங்களில் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "சிறுதானியம் நல்லதுன்னு சொல்றீங்க, செய்ய நேரம் எங்க இருக்கு?" நியாயமான கேள்வி. தறி வீட்டைப் பாருங்கள். ஒருவர் குழித்தறியில் காலை விட்டு உட்கார்ந்தால், இன்னொருவர் தார் சுற்ற வேண்டும், பாவு பார்க்க வேண்டும். பண்டிகைக் காலத்தில்தான் சேலைக்குத் தேவை அதிகம், அந்தக் காலத்தில்தான் வேலையும் அதிகம். அறுப்புக் காலத்தில் நம் வீடும் அப்படித்தான். ஆகவே ஒரே பாத்திரத்தில் ஆகிற, அரை மணி நேரத்துக்கு மேல் ஆகாத சமையலாகச் சொல்கிறேன். எல்லாம் ஐந்து பேருக்கு.

சாமைப் பொங்கல்: சாமை அரிசி 2 டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர், தண்ணீர் 8 டம்ளர். பருப்பை வாசம் வரும்வரை வறுத்து, கொதிக்கிற தண்ணீரில் போட்டு அரைவேக்காடு ஆக்குங்கள். சாமையைக் கல் போக அரித்துக் கழுவிச் சேருங்கள். உப்புப் போட்டு, தீயைக் குறைத்து மூடினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் குழையும். மல்லாட்டை எண்ணெயில் மிளகு, சீரகம், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். நெய் இருந்தால் ஒரு கரண்டி. முதன்முறை சிறுதானியம் சமைப்பவர்கள் சாமையில் இருந்து தொடங்குங்கள். அரிசிச் சோறு தின்று பழகிய பிள்ளைகளும் முகம் சுளிக்காமல் சாப்பிடுவார்கள்.

மல்லாட்டைத் துவையல்: வறுத்துத் தோல் நீக்கிய மல்லாட்டை ஒரு டம்ளர், காய்ந்த மிளகாய் நாலு, பூண்டு மூன்று பல், நெல்லிக்காய் அளவு புளி, உப்பு. தண்ணீர் குறைவாக விட்டு கொரகொரப்பாக அரையுங்கள். பொங்கலுக்கும் களிக்கும் பழைய சோற்றுக்கும் இது ஒன்றே போதும். ஒரு கவனம்: சுருங்கின பருப்பு, பூசணம் பிடித்த பருப்பு, கசக்கிற பருப்பு எதையும் சேர்க்காதீர்கள். ஈரத்தோடு கட்டி வைத்த மல்லாட்டையில் வருகிற பூசண நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அறுப்பு முடிந்ததும் நன்றாகக் காயவைப்பது ஒன்றுதான் வழி. விற்கிற மூட்டைக்கும் இதே கவனம் வேண்டும்.

பச்சை மொச்சைக் குழம்பு: உரித்த மொச்சை 2 டம்ளர், ஒரு கீற்றுப் பரங்கிக்காய், கத்தரிக்காய் நாலு, சக்கரவள்ளிக் கிழங்கு ஒன்று. சட்டியில் எண்ணெய் ஊற்றி வெங்காயம், பூண்டு வதக்கி, மொச்சையும் கிழங்கும் போட்டுத் தண்ணீர் விட்டு வேகவிடுங்கள். பாதி வெந்ததும் கத்தரிக்காயும் பரங்கியும். பிறகு குழம்பு மிளகாய்த்தூள் இரண்டு கரண்டி, எலுமிச்சை அளவு புளிக்கரைசல், உப்பு. கடைசியில் ஒரு கைப்பிடி வறுத்த மல்லாட்டையை அரைத்துக் கலக்கினால் தேங்காய் தேவையில்லை. காய்ந்த மொச்சை என்றால் முந்தைய இரவே ஊறவைக்க வேண்டும். ஊறியதைத் தோல் பிதுக்கிச் செய்தால் அதுதான் பிதுக்குப் பருப்புக் குழம்பு. பிதுக்குகிற வேலையைப் பிள்ளைகளிடம் விடுங்கள், விளையாட்டாகவே முடித்துவிடுவார்கள்.

கேழ்வரகுக் களி: அரிசி நொய் அரை டம்ளர், கேழ்வரகு மாவு 2 டம்ளர், தண்ணீர் 5 டம்ளர். தண்ணீரில் நொய்யைக் குழைய வேகவிட்டு உப்புப் போடுங்கள். மாவை நடுவில் குவியலாகக் கொட்டி, துடுப்பால் நடுவில் ஒரு குழி செய்து, தீயைத் தணித்து ஐந்து நிமிடம் மூடுங்கள். இறக்கி வைத்துக் கட்டி இல்லாமல் கிளறி உருட்டுங்கள். தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரையோ பரங்கிக் கொழுந்துப் பொரியலோ. கொடியின் நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளை வெடிக்கும். பொரியலுக்குக் கொழுந்து கிடைத்த மாதிரியும் ஆயிற்று, கொடிக்கு நல்லது செய்த மாதிரியும் ஆயிற்று.

சர்க்கரைப் பொங்கலுக்குச் செய்முறை சொல்ல வேண்டியதில்லை, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கைப்பக்குவம் உண்டு. அரிசியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை. புது நெல்லை ஆலையில் கொடுக்கும்போது "ஒரே ஓட்டு போதும்" என்று சொல்லி வாங்குங்கள். தீட்டத் தீட்டத் தவிட்டோடு உயிர்ச்சத்தும் போகிறது. தினச் சாப்பாட்டுக்குப் புழுங்கல் அரிசியே மேல். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டில் உள்ள பி வகை உயிர்ச்சத்தில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடும்.

தைக்கு வேண்டியதை எப்போது விதைப்பது?

பொங்கலுக்கு ஒரு வாரம் முன்பு யோசித்தால் கடைக்குத்தான் போக வேண்டியிருக்கும். இதை எழுதி அடுப்படியில் ஒட்டி வையுங்கள்.

வைகாசி, ஆனி: மஞ்சள் நடவு. எட்டு ஒன்பது மாதப் பயிர், தையில் கொத்தோடு கிடைக்கும். வீட்டுக்கு மட்டும் என்றால் வாய்க்கால் ஓரம் பத்துக் கிழங்கு போதும்.

ஆடி: மொச்சை, அவரை. நாட்டு ரகங்கள் பகல் குறுகும்போதுதான் பூக்கும். ஆடியில் போட்டாலும் பூப்பது முன்பனிக்கு முன்னால்தான். மார்கழி, தையில் காய். அதனால் "கொடி ஓடுது, பூக்கலையே" என்று பயப்பட வேண்டாம். வரப்பிலும் வேலியிலும் ஏற்றிவிடுங்கள். காற்றில் உள்ள தழைச்சத்தை வேரில் பிடித்து வைக்கும். ஆவாரை விதையும் இப்போதுதான். தோல் கடினம், சுடுதண்ணீரில் போட்டு ஓர் இரவு ஊறவைத்து மேட்டு வரப்பில் ஊன்றுங்கள்.

புரட்டாசி: சக்கரவள்ளிக் கொடி நடவு, நாலு மாதம். பரங்கி முதல் விதைப்பு, இதில்தான் தைக்குக் காய் கிடைக்கும்.

ஐப்பசி: பரங்கி இரண்டாம் விதைப்பு, மார்கழிக் கோலத்துக்குப் பூ. செண்டுமல்லி நாற்று நடவு, இரண்டு மாதத்தில் பூக்கும்.

மார்கழி: எங்கே என்ன பூத்திருக்கிறது என்று வரப்பைச் சுற்றிப் பாருங்கள். பூளைக்கு நாம் செய்ய வேண்டியது ஒன்றுதான்: களை எடுக்கும்போது அதை விட்டுவையுங்கள்.

இந்தப் பட்டியலைப் பார்த்தால் ஒன்று தெரியும். பொங்கலுக்கு வேண்டியதை விளைவிக்கப் போனால் கிழங்கு, பயறு, கொடி, பூ, புதர் என்று ஏழெட்டு வகை நிலத்துக்கு வந்துவிடுகிறது. பலபயிர் சாகுபடி, பல்லுயிர் என்று நாம் கூட்டத்தில் பேசுவதைப் பண்டிகை என்ற பெயரில் நம் பாட்டிமார்கள் செய்துவைத்திருக்கிறார்கள்.

தறித் தெருவுக்கு ஒரு கூடை

ஆரணித் தறித் தெருவில் நிலம் இல்லாத வீடுகள்தான் அதிகம். அவர்களுக்கு மாவிலையும் காசு, மஞ்சள் கொத்தும் காசு. நேரமும் இல்லை. பிளாஸ்டிக் தோரணம் அவர்களைத் தேடி வருவதற்கு இதுதான் காரணம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பொருள்கள் பலவற்றுக்குத் தடை இருக்கிறது. தடை போட்டால் மட்டும் போதாது. அந்த இடத்துக்கு வேறொன்றைக் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் வேண்டும். அந்த ஆள் நாமாக இருக்கலாமே?

சென்ற பொங்கலுக்கு நாங்கள் நாலு குடும்பம் சேர்ந்து முயன்றோம். மார்கழி பிறந்ததும் தெரிந்த தறி வீடுகளில் சொல்லி வைத்தோம். முப்பது வீடு ஒத்துக்கொண்டது. போகி அன்று காலை வீட்டுக்கு ஒரு பனையோலைக் கூடை: காப்புக் கொத்து இரண்டு, கட்டி முடித்த தோரணம் ஒன்று, மஞ்சள் கொத்து, மொச்சை அரைக்கிலோ, ஒரு கீற்றுப் பரங்கி, சக்கரவள்ளி, சாமை ஒரு கிலோ, ஒற்றை ஓட்டுப் புதுப் பச்சரிசி ஒரு கிலோ. கூடவே ஒரு தாளில் மேலே சொன்ன நாலு சமையலையும் எழுதிக் கொடுத்தோம்.

தவறுகளும் நடந்தன. தோரணத்தை இரண்டு நாள் முன்பே கட்டியதால் நாலு வீட்டில் இலை துவண்டிருந்தது. இனி முந்தைய இரவில்தான் கட்ட வேண்டும், கட்டியதை ஈரச் சாக்கில் மூடி வைக்க வேண்டும். விலையை முன்கூட்டிப் பேசாததால் இரண்டு வீட்டில் சங்கடம். இனி மார்கழியிலேயே விலை சொல்லி, பாதிப் பணம் வாங்கிக்கொள்வோம். பூளைப்பூ எங்கள் வரப்பில் போதவில்லை. பக்கத்து வயல்காரர் களைக்கொல்லி அடிக்கிறவர். அவரிடம் போய், "உங்க கிழக்கு வரப்ப மட்டும் விட்டுடுங்க, பூவுக்குக் காசு தரோம்" என்றோம். சிரித்தார். ஆனால் இந்த வருசம் அந்த வரப்பில் அடிக்கவில்லை. பத்து வருசமாக நான் பேசிப் பார்த்து ஆகாத காரியம் அது.

ஒரு நெசவாளர் வீட்டில் கூடையைத் திருப்பிக் கொடுக்கும்போது உள்ளே தறியில் மிஞ்சிய பட்டு நூல் துண்டுகளைச் சுருட்டி வைத்திருந்தார்கள். "உங்க தோரணம் கட்ட ஆகும்" என்றார்கள். இந்த வருசம் பட்டுக்கூட்டு மாலை கோக்க அந்த நூலைத்தான் எடுத்து வைத்திருக்கிறோம்.

இப்போது என்ன செய்யலாம்?

எல்லாவற்றையும் ஒரே வருசத்தில் செய்ய முடியாது. நாங்களும் செய்யவில்லை. மூன்றே மூன்று சொல்கிறேன். உங்கள் வரப்பில் ஒன்றைக் களைக்கொல்லி இல்லாத பண்டிகை வரப்பு என்று ஒதுக்குங்கள். மேலே உள்ள பட்டியலில் இருந்து இரண்டே பயிரை இந்த வருசம் வீட்டுக்கென்று போடுங்கள். வீட்டில் கிடக்கிற பிளாஸ்டிக் தோரணத்தையும் பூவையும் எருக்குழிக்கும் போகி நெருப்புக்கும் போகவிடாமல் தனியாகக் கட்டி, குப்பை சேகரிப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள். எரித்தால் வருகிற புகை நம் பிள்ளைகளின் மூச்சுக்குள்தான் போகும்.

எங்கள் செவலை போன மாசம் மறுபடி கன்று போட்டது. காளைக்கன்று. வருகிற மாட்டுப் பொங்கலுக்கு அதன் கழுத்தில் கட்ட அம்மா பூளைப்பூவும் ஆவாரம்பூவும் சேர்த்து மாலை கட்டப்போகிறார். மாலையைப் பக்கத்தில் நிற்கிற மாடு இழுத்துத் தின்றுவிட்டாலும் பயமில்லை, தின்னட்டும்.